குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா: ஏற்காடு அடிவாரத்தில் இருந்தும் பலர் கவனிக்காத இடம்... விரிவாக்கம் ஏன் முக்கியம்?

சேலத்தில் இருந்து ஏற்காடு கிளம்புபவர்களுக்கு கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டியதுமே மனசு மலைக்கு மேலே போய்விடும். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏரி, படகு சவாரி. அதனால் அடிவாரத்திலேயே இருக்கும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவை பலர் கவனிப்பதே இல்லை. நகரில் இருந்து சுமார் 10 கி.மீ. தூரம்தான்.

வனத்துறை இந்தப் பூங்காவைத் தொடங்கியது 1981-ல். அன்றைக்கு உயிரியல் பூங்காக்களுக்கென்று தனி விதிகளே கிடையாது. 1972-ல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில், 1991 திருத்தத்துக்குப் பிறகுதான் பூங்காக்களுக்கு தனி அத்தியாயம் சேர்ந்தது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்தது 1992-ல். அதன்பிறகு ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் பூங்கா நடத்த முடியாது. இது வெறும் காகித விதி இல்லைங்க. கோவை வ.உ.சி. பூங்கா 2022-ல் அங்கீகாரத்தையே இழந்தது.

இந்த இடத்தில்தான் பரப்பளவு விஷயம் வருகிறது. சுமார் 11 ஹெக்டேராக இருந்த குரும்பப்பட்டி பூங்காவை 31.73 ஹெக்டேராக விரிவாக்கி, நடுத்தர வகைக்கு உயர்த்தும் பணி எடுக்கப்பட்டது. பெரிய விலங்குகள் வருமா என்பதுதான் மக்களின் முதல் கேள்வி. ஆனால் ஏற்கெனவே இருக்கும் மான்களுக்கே இடம் ரொம்ப அவசியம். புள்ளிமான்கள் வேகமாகப் பெருகும். ஆண், பெண்ணைப் பிரித்து வைக்கவே தனித்தனி அடைப்புகள் வேண்டும்.

மான்தானே, என்ன செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் இதே பூங்காவில் கடமான் தாக்கி ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். ஆண் கடமானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். முளைக்கும்போது மெத்தென்ற தோல் மூடியிருக்கும். அது உரிந்து கொம்பு முற்றும் காலம், இணை தேடும் காலம். அப்போது எதிரில் நிற்பவரையும் போட்டியாகவே பார்க்கும். மனிதரோடு பழகிய மானுக்கு பயமும் போய்விடுவதால், ஆபத்து இன்னும் அதிகம். காட்டு மான் ஓடிவிடும். பழகிய மான் நெருங்கி வரும்.

பூங்காவின் பின்னணியில் நிற்பது சேர்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி, உச்சி 1,600 மீட்டருக்கும் மேல். மேலே காபித் தோட்டமும் குளிரும். அடிவாரத்தில் முட்புதரும், கோடையில் இலை உதிர்க்கும் மரங்களும். மார்ச், ஏப்ரலில் சருகு காய்ந்து கிடக்க, சரிவுகளில் காட்டுத்தீ பிடிப்பது அடிக்கடி நடக்கும் விஷயம். மலையில் காட்டெருமைகளும் உண்டு. ஆகவே இங்கே வேலி என்பது உள்ளே இருக்கும் விலங்குக்கு மட்டுமல்ல, வெளியே இருக்கும் காட்டுக்கும் சேர்த்துத்தான்.

குழந்தைகளோடு போகிறவர்கள் மான் அடைப்புக்குள் கை நீட்டி எதையும் ஊட்ட வேண்டாம், பிஸ்கட்கூட.