பழனி உண்டியலில் யார் காசு?



தமிழ் வாத்தியாருக்கு வரிக்கணக்கு எதுக்குன்னு என் வீட்டிலேயே கேட்டாங்க. சம்பளத்திலே வருமான வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தானே கொடுக்கிறாங்க, பிடி கொடுத்தவன் பேசக்கூடாதா? (சிரிப்பு)

சகோதரி பேசும்போது, "மத்திய அரசுக்கு எந்த மாநிலம் அதிகம் கொடுக்கிறதோ, அதற்கே அதிகம் திரும்பி வரவேண்டும்" என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். யார் கொடுத்தது என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பழனி உண்டியலிலே விழுகிற காசெல்லாம் பழனிக்காரன் போட்ட காசா? உண்டியல் இருக்கிற ஊர் வேறே, காசு போட்ட ஊர் வேறே! (கைதட்டல்)

இந்தச் சண்டை இன்றைக்கு நேற்றைக்கு வந்தது அல்ல. 1920ஆம் ஆண்டு, வெள்ளைக்காரன் காலம். மாகாணங்களெல்லாம் மத்திய அரசுக்கு இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று மெஸ்டன் குழு ஒரு பட்டியல் போட்டது. மொத்தம் 983 லட்சம் ரூபாய். அதிலே அதிகம் கட்டச் சொன்னது எந்த மாகாணத்தைத் தெரியுமா? நம்ம சென்னை மாகாணத்தைத்தான்! 348 லட்சம். பம்பாய்க்கு வெறும் 56. வங்காளத்துக்கு 63. பீகார் – ஒரிசா மாகாணத்துக்கு? ஒரு தம்பிடி கூடக் கிடையாது!

சகோதரி கணக்குப்படி, 1920இலே பம்பாயை விட ஆறு மடங்கு கொடுத்தது நாம். பம்பாய்க்காரன் சும்மா இருந்தானா? "அய்யா, எங்க துறைமுகத்துச் சுங்கமும் எங்க வியாபாரிகளோட வருமான வரியும் நேரா உங்க பெட்டிக்கு வருதே, அது கணக்கிலே சேராதா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அப்போது நிலவரி மாகாணத்துக்கு, சுங்கமும் வருமான வரியும் மத்திக்கு என்று பிரித்திருந்தார்கள். புஞ்சையும் நஞ்சையுமாகக் கிடந்த சென்னை மாகாணத்துக்கு நிலவரி லாபமாகத் தெரிந்தது. அதனாலே நம் தலையிலே கைவைத்தார்கள். சென்னை விடாமல் முறையிட்டது. 1928 வாக்கிலேதான் அந்தச் சுமையை அடியோடு எடுத்தார்கள். ஆக, எந்தப் பெட்டியை எண்ணுகிறோமோ, அதைப் பொறுத்து வள்ளல் மாறுகிறான்!

சுதந்திரம் வந்தது. 1951இலே கே.சி. நியோகி தலைமையிலே முதல் நிதிக்குழு. பம்பாயும் மேற்கு வங்காளமும் வசூலைப் பார் என்றன. மற்றவர்கள் தலையை எண்ணு என்றார்கள். குழு என்ன செய்தது? மாநிலங்களுக்கான வருமான வரிப் பங்கிலே 80 சதவீதத்தை மக்கள்தொகைப்படியும் 20 சதவீதத்தை வசூல்படியும் பிரித்தது. அடுத்து வந்தவர் நம்ம தஞ்சை மாவட்டத்துக்காரர், கே. சந்தானம். அவர் குழு அந்த வசூல் பங்கை 10 ஆக்கிவிட்டது. மூன்றாவது குழு மறுபடி 20. ஐந்தாவது மறுபடி 10. ஊஞ்சல்! கடைசியிலே பத்தாவது குழு, 1995இலே தொடங்கிய ஐந்தாண்டுக்கு, வசூல் கணக்கையே தூக்கிவிட்டது.

ஏன்? உசிலம்பட்டியிலே ஒரு தாய் சோப்புக் கட்டி வாங்குகிறாள். கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் மும்பையிலே. லாபத்துக்கு வரி கட்டுவது அங்கே. கணக்கிலே கொடுத்தவன் மகாராஷ்டிரம்! அந்தத் தாய் எந்தப் பேரேட்டிலே இருக்கிறாள்?

அதற்காகச் சகோதரியின் வயிற்றெரிச்சல் பொய் என்று சொல்லமாட்டேன். 2005இலே தொடங்கிய பன்னிரண்டாவது குழுவிலே தமிழ்நாட்டுப் பங்கு 5.305 சதவீதம். 2021 முதல் 2026 வரைக்குமான பதினைந்தாவது குழுவிலே 4.079. உத்தரப்பிரதேசத்துக்கு 17.939, பீகாருக்கு 10.058. 2011 கணக்கெடுப்பிலே நாட்டு ஜனத்தொகையிலே நாம் ஏறக்குறைய 6 சதவீதம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்தவனுக்கு, 1971 கணக்கை விட்டு 2011க்குப் போனதாலே நஷ்டம். அதைச் சரிக்கட்ட 12.5 சதவீத எடை வைத்தார்கள். போதுமா? போதாது. இதிலே நான் உங்க கட்சிதான். நடுவர் குறித்துக்கொள்ளட்டும்! (சிரிப்பு)

ஆனால் கோபம் யார் மேலே? பீகார்க்காரன் மேலேயா? பங்கு போட வைத்த பானையைப் பாருங்கய்யா! 1959இலே கம்பெனிகள் கட்டுகிற வருமான வரியைப் பங்கிலிருந்து பிரித்து மத்திய அரசு தனியே எடுத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டு 80ஆவது திருத்தத்திலே எல்லா வரியும் பொதுப்பானைக்கு வந்தது. "அப்பாடா" என்றோம். ஆனால் செஸ்ஸும் சர்சார்ஜும் வெளியே! 2020–21இலே மத்திய அரசின் மொத்த வரியிலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டும்தான். காகிதத்திலே மாநிலங்களுக்கு 41 சதவீதம். யாருடைய 41? மீதியை எடுத்து ஒளித்துவைத்த பிறகு, பானையிலே இருந்ததிலே 41!

அண்ணனும் தம்பியும் உன் இலையிலே ரெண்டு அப்பளம், என் இலையிலே ஒண்ணு என்று அடித்துக்கொள்கிறோம். அடுக்களையிலே கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தர் வடையை எண்ணுகிறார். சகோதரி, அந்தக் கதவைத் தட்ட வாங்க. நான் முன்னாலே நிற்கிறேன். (கைதட்டல்)

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. ஒரே ஒரு வரி. மெஸ்டன் பட்டியலிலே ஒரு தம்பிடியும் கட்ட வேண்டாத அதே பீகார் மண்ணிலேதான் இரும்பும் நிலக்கரியும் எடுத்தோம். தூரத்து ஊருக்கும் அதே விலைக்கு இரும்பு கிடைக்கட்டும் என்று சரக்குக் கட்டணத்தைச் சமன் செய்து, 1990களின் தொடக்கம் வரை நடத்தினோம். தொழிற்சாலை துறைமுகத்துப் பக்கம் வந்தது. அந்த இரும்பு யார் கொடுத்த கணக்கிலே எழுதப்பட்டிருக்கிறது என்று சகோதரி எழுந்து சொல்லட்டும்.