பொறியை உடைத்தவர் கேட்டது என்ன?

புதிய பொறிக்கு இடங்கொடாதவரை ‘லட்டைட்’ என்று இகழ்வது ஆங்கில உலகில் வழக்கமாகிவிட்டது. அறியாமையால் இயந்திரத்தை வெறுத்தவர் என்பதே அச்சொல்லுக்கு வழங்கும் பொருள். வரலாற்றை நோக்கின், அப்பழி முற்றும் பொருந்தாது என்பது தெளிவாகும்.

1811ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் காலுறை பின்னுவோர், ‘நெட் லட்’ என்னும் கற்பனைத் தலைவன் பெயரால் இரவில் கூடிப் பின்னற் பொறிகளை உடைத்தனர். அப்பொறியோ புதியதன்று, 1589இல் வில்லியம் லீ கண்டது. அதனை இயக்கியே அவர்தம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தனர். பின்னர்ச் சினம் எழுந்தது ஏன்? கூலி குறைந்தது, முறையாகத் தொழில் பயிலாதவர் அமர்த்தப்பட்டனர், அகலத் துணியாகப் பின்னி வெட்டித் தைத்த மட்டச் சரக்கு சந்தையில் குவிந்தது. நியாயமான கூலி தந்தவரின் பொறிகளை அவர்கள் பெரும்பாலும் தொடாது விட்டனர் என்பது கருதத்தக்கது.

சங்கம் அமைத்து முறையிடலாகாதோ எனில், 1799, 1800ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதனைத் தடுத்திருந்தன. 1812இல் பொறியுடைப்புக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தம் முதற்பேச்சிலேயே அதனை எதிர்த்தார், பயனில்லை. பின்னலாளரைக் காக்க வந்த மசோதாவும் அவ்வாண்டே அச்சபையில் வீழ்ந்தது. கிளர்ச்சி பரவிய யார்க்ஷயரிலோ, கம்பளித் துணியைக் கத்தரித்துச் சீர்செய்வோரின் வேலையையே புதிய பொறி பறித்தது. 1813 சனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர். சங்கத் தடை நீங்கியது 1824இல்தான்.

நம் நாடு இவ்வகையில் வேறு வழி கண்டது. பொறித்திருத்தத்தால் ஆட்குறைப்பு நேரக்கூடுமாயின், 21 நாட்களுக்கு முன் தொழிலாளர்க்கு அறிவித்தல் வேண்டும் என்னும் விதி, 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1956இல் சேர்க்கப்பட்டது. 1983இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் கணிப்பொறியின் வரவுக்கு வரம்பு கட்டி உடன்பாடு செய்துகொண்டன. சம்மட்டி ஓங்கிய இடத்தில் கையொப்பம் வந்தது.

இன்று பொறி எழுதவும் வரையவும் கற்றுவிட்டது. அதன் பயன் எவரைச் சேரும், அதன் சுமை எவர் தோளில் விழும் என்பதைப் பொறி முடிவு செய்வதில்லை. மனிதரே முடிவு செய்கின்றனர். அம்முடிவு எடுக்கும் அவையில் உழைப்பவர்க்கும் ஓர் இருக்கை வேண்டும். நாட்டிங்காம் பின்னலாளர் கேட்டதும் அதுவேயன்றோ?