அண்டார்டிகாவில் ஒரு வலை முடியுற ஆள்

பேர்லயே குளம் இருக்கிற ஊர் நமக்கு. சாத்தான்குளத்துல குளிர்னா, மார்கழி விடியக்காலைல தேங்காய் எண்ணெய் லேசா உறையும், அவ்வளவுதான். நீயெல்லாம் அண்டார்டிகா ஏரியைப் பத்தி எழுத வந்துட்டியாக்கும்னு கேக்காதீங்க மக்கா. விஷயத்துல பாதி அந்த எண்ணெய்லதான் இருக்கு.

முதல்ல கொஞ்சம் சரித்திரம். எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் இறங்கினார்கள். நம்ம நாட்டின் முதல் பயணம் அது. அடுத்து கட்டிய தட்சிண் கங்கோத்ரி நிலையம் பனியில் புதைந்து போச்சு. அப்புறம் 1989ல் ஷிர்மாக்கர் என்ற பாறைப் பகுதியில் மைத்ரி நிலையம் வந்தது. அங்கே சின்னதும் பெரிசுமா நூற்றுக்கும் மேல ஏரிகள். மைத்ரிக்குத் தண்ணி கொடுக்கிற ஏரிக்குப் பேர் பிரியதர்ஷினி.

நிலையம் கட்டினது எல்லாருக்கும் தெரியும். அங்கேருந்து வந்த மண்ணைப் பத்தி யாரும் பேசறதில்ல. ஷிர்மாக்கர் மண் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்துக்குப் போச்சு. எஸ். சிவாஜி குழுவினர் அதிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரிச்சு எடுத்து 1989ல் கட்டுரை வெளியிட்டாங்க. 40 டிகிரி வெயில் அடிக்கிற ஊர்ல உக்காந்து குளிர்ப்பிராணி வளர்த்திருக்காங்க பாருங்க!

இப்ப எண்ணெய்க்கு வருவோம். தேங்காய் எண்ணெய் உறையுற குளிர்ல நல்லெண்ணெய் உறையாது. ரெண்டுலயும் இருக்கிற கொழுப்போட அமைப்பு வேற. பாக்டீரியாவோட தோல்ச்சவ்வும் கொழுப்புதான். குளிர் கூடினா அது நல்லெண்ணெய் வகைக் கொழுப்பைக் கூட்டிக்கிட்டு சவ்வை இளக்கமா வச்சுக்கும். ரொம்ப நாளா ‘குளிரைத் தாங்குற ரகசியம்’னு சொன்னா எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க.

ஆனா எனக்குப் பிடிச்சது அடுத்த பகுதி. அதே ஆய்வகத்தில் மலய் ரே குழு, எல்.இசட்.4.டபிள்யூ என்ற சூடோமோனாஸ் பாக்டீரியாவை எடுத்து, ரெக்-டி என்ற ஒரு மரபணுவை முடக்கிப் பார்த்தாங்க (2005). 22 டிகிரியில் அது பாட்டுக்கு வளர்ந்தது. 4 டிகிரிக்கு இறக்கினா வளர்ச்சி நின்னு போச்சு. உள்ளே டி.என்.ஏ. துண்டு துண்டாக் கிடந்தது.

காரணம் இதுதான். கடுங்குளிரில் டி.என்.ஏ. நகல் எடுக்கிற வேலை நடுவுல நடுவுல முட்டி நிக்கும். நின்ன இடத்துல இழை அறுந்து போகும். நம்ம மணப்பாட்டுக் கரையில் கிழிஞ்ச வலையை முடியுற ஆள் மாதிரி, அறுந்த இழையைச் சரி பண்ண உதவறது ரெக்-பி.சி.டி. என்ற மூணு பாகம் கொண்ட நொதி. மூணுல எது போனாலும் குளிரில் வாழ முடியாதுன்னு 2010ல் காட்டினாங்க.

குளிருக்குன்னே ஒரு விசேஷ மரபணு இருக்கும்னு நினைச்சுத் தேடுறவங்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். ரெக்-பி.சி.டி. புதுச் சரக்கே இல்ல. நம்ம குடல்ல இருக்கிற ஈ.கோலையிலயும் இருக்கு. அங்க அது இல்லாட்டி பாக்டீரியா நலிஞ்சு போகும், ஆனாலும் ஒருவழியா ஓட்டிரும். ஷிர்மாக்கர்ல அதே சாமான் இல்லாம ஒரு நாளும் நகராது. வலை தினமும் கிழியுற கடல் அது.