நாற்பதின் கண்ணாடி

நாற்பதை ஒட்டிய வயதில், பக்கத்தில் வைத்துப் படிக்கும் எழுத்து வெளுத்துக் கலங்கித் தெரியத் தொடங்குவதை வெள்ளெழுத்து என்பார்கள். சாளேசுரம் என்று இன்னொரு சொல்லும் உண்டு. பேச்சில் அது சாளேஸ்வரம் ஆகி, ஏதோ கோயிலின் பெயர்போல ஒலிக்கும். மராத்தியில் ‘சாளீஸ்’ என்றால் நாற்பது. அதே மொழியில் நாற்பதுகளில் இருக்கும் வயது, அந்த வயதில் வரும் பார்வைக் குறை, அதற்குப் போடும் கண்ணாடி மூன்றுக்கும் ‘சாளிஷீ’ என்ற ஒரே சொல் போதும். கன்னடத்தில் சாளீசு என்றால் மூக்குக்கண்ணாடி. தெலுங்கில் சத்வாரம் என்பார்கள். அதுவும் வடமொழியில் நாற்பதைக் குறிக்கும் எண்ணுப்பெயரின் வழி வந்ததுதான். அண்டை மொழிகள் வயதைக் கணக்கிட்டுச் சொல்ல, தமிழ் தன் சொந்தச் சொல்லில் கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னது.

முதலில் நழுவுபவை சின்னச் சின்ன விஷயங்கள். மாத்திரை அட்டையின் பின்புறம் அச்சிட்ட தேதி, ஊசியின் காது, அரிசியில் கிடக்கும் வெள்ளைக் கல். டியூப் லைட் மங்கிவிட்டது என்று மாற்றிப் பார்ப்பார்கள். பத்திரிகைக்காரன் எழுத்தைச் சிறிதாக்கிவிட்டான் என்று திட்டுவார்கள். கையில் இருக்கும் தாள் மெல்ல மெல்லத் தூரம் போகும். கைக்கு மேல் நீளம் இல்லை என்று ஆன பிறகு, கடைவீதியிலோ பேருந்து நிலையத்து நடைமேடையிலோ நூறு இருநூறு ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்குவார்கள். கடைக்காரர் கண்ணைப் பார்க்கமாட்டார். “வயசு என்ன?” என்றுதான் கேட்பார். நாற்பத்திரண்டு என்றால் ‘பிளஸ் ஒன்று’ என்று ஒட்டுத்தாள் ஒட்டியதை எடுத்து நீட்டுவார். வாங்குபவர் எழுத்தைப் பார்க்கும் முன்னால், அங்கே தொங்கும் முகம் பார்க்கும் கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்ப்பார். இந்த எளிய வியாபாரத்தின் முறை ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதாக மாறவில்லை.

நாற்பதில் திடீரென்று எதுவும் கெட்டுப்போவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை, பக்கத்துப் பொருளைப் பார்க்கும்போது தடித்தும் தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது தட்டையாகவும் தன்னை மாற்றிக்கொள்கிறது. வில்லைதான் இப்படி வடிவம் மாறுகிறது என்பதை 1801இல் லண்டன் மருத்துவர் தாமஸ் யங் நிறுவினார். வில்லை வாழ்நாள் முழுவதும் புது இழைகளைச் சேர்த்துக்கொண்டே போவதால், ஆண்டுக்கு ஆண்டு அதன் நெகிழ்வு குறைகிறது. 19ஆம் நூற்றாண்டின் டச்சு மருத்துவர் டாண்டர்ஸ் அளந்த கணக்கின்படி, பத்து வயதுப் பிள்ளை 7 சென்டிமீட்டர் அருகில் பிடித்த எழுத்தையும் தெளிவாகப் பார்க்கும். இருபதில் அது 10 சென்டிமீட்டர், முப்பதில் 14, நாற்பதில் 22, ஐம்பதில் 40. இறக்கம் பள்ளி நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. புத்தகத்தை வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தை அது எட்டும் ஆண்டில்தான் மனிதனுக்குச் செய்தி வந்து சேர்கிறது. அதைத்தான் ‘நாற்பதில் வந்தது’ என்கிறோம்.

இதற்கு மாற்றுக் கண்டுபிடித்தது யார் என்று உறுதியாகச் சொல்லும் பெயர் எதுவும் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் எழுதிய ஒளியியல் நூல் லத்தீனுக்குப் போனது. அதைப் படித்தவர்களில் ஒருவரான இங்கிலாந்துத் துறவி ரோஜர் பேகன், முதியோரும் கண் மங்கியோரும் ஒரு பக்கம் குவிந்த பளிங்குத் துண்டை எழுத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம் என்று 1267இல் எழுதினார். அந்தத் துண்டு இரண்டாகி மூக்கில் ஏறியது இத்தாலியில். 1306 பிப்ரவரியில் ஃபிளாரன்ஸ் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் பிரசங்கம் செய்த ஜோர்தானோ என்ற துறவி, கண்ணாடி செய்யும் கலை தோன்றி இருபது ஆண்டு ஆகவில்லை என்றும், அதை முதலில் செய்தவரைத் தான் நேரில் பார்த்துப் பேசியதாகவும் சொன்னார். பெயரை மட்டும் சொல்லவில்லை. அதே காலத்தில் பீசா நகர மடத்தில் இருந்த அலெஸ்ஸாந்த்ரோ தெல்லா ஸ்பீனா, வேறொருவர் செய்து வைத்துக்கொண்டு சொல்லித்தர மறுத்த கண்ணாடியைத் தானே செய்து பார்த்து, முறையை எல்லோருக்கும் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொடுத்தார் என்று மடத்து ஏடு கூறுகிறது. ஒளித்து வைத்தவரின் பெயரை வரலாறு மறந்துவிட்டது. பகிர்ந்துகொண்டவரின் பெயர் நிற்கிறது. பிற்காலத்தில் சல்வீனோ என்ற ஃபிளாரன்ஸ்காரரைக் கண்டுபிடிப்பாளராக்கிக் கல்வெட்டே வைத்தார்கள். அது ஊர்ப் பெருமைக்காகக் கட்டிய கதை என்று 20ஆம் நூற்றாண்டில் தெரியவந்தது.

கண்டுபிடிப்புக்குப் பின்னாலேயே கலப்படமும் வந்தது. வெனிஸ் நகரப் பளிங்குத் தொழிலாளர் சங்கம், சாதாரணக் கண்ணாடியைப் பளிங்கு என்று விற்கக் கூடாதென்று 1300இலேயே விதி செய்தது. அந்த விதியில் கண்ணுக்கான வட்ட வில்லைகளும் அடக்கம். ஓவியத்தில் கண்ணாடி முதன்முதலில் தோன்றுவது 1352இல், திரெவீசோ நகரத்து மடச் சுவரில். தொம்மாசோ தா மோதெனா வரைந்த கர்தினால் ஹியூ, மூக்கில் கண்ணாடியைக் கவ்வவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தக் கர்தினால் இறந்தது 1263இல், கண்ணாடி பிறப்பதற்கு முன்பே. படிப்பாளி என்றால் கண்ணாடி என்ற எண்ணம் அதற்குள் அவ்வளவு வேரூன்றிவிட்டது.

மிலான் நகரப் பிரபு பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்ஸா 1462 அக்டோபரில் ஃபிளாரன்ஸில் இருந்த தன் தூதருக்கு எழுதிய கடிதம், இந்த வரலாற்றிலேயே சுவையான ஆவணம். மூன்று டஜன் கண்ணாடி வாங்கி அனுப்பச் சொல்கிறார்: ஒரு டஜன் தூரப் பார்வைக்கு, அதாவது இளைஞருக்கு, ஒரு டஜன் கிட்டப் பார்வைக்கு, அதாவது முதியோருக்கு, இன்னொரு டஜன் சாதாரணப் பார்வைக்கு. கூடவே ஒரு விளக்கமும் தருகிறார். கடவுள் அருளால் எனக்கு இது தேவையில்லை, கேட்டு நச்சரிக்கும் மற்றவர்களுக்காகத்தான் வாங்குகிறேன் என்பது அதன் சாரம். அப்போது அவருக்கு வயது 61. டாண்டர்ஸின் அளவுகளை அறிந்த எவரும் அந்த வரியை நம்பமாட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1466இல் அவருடைய மகன் இருநூறு கண்ணாடிகள் கேட்டு எழுதினார். முப்பது வயதுக்கானது, முப்பத்தைந்துக்கானது, நாற்பதுக்கானது என்று ஐந்தைந்து ஆண்டாக எழுபது வரை வகை பிரித்திருந்தது அந்தப் பட்டியல். வயதைக் கேட்டுக் கண்ணாடி எடுத்துக்கொடுக்கும் முறை அன்றே பழக்கத்தில் இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1623இல் செவில் நகரத்தில் நூல் வெளியிட்ட பெனீட்டோ தாஸா தே வால்தேஸ் இதை ஓர் அட்டவணையாகவே ஆக்கினார்; வெளியூர்க்காரர்கள் கடிதம் எழுதி வரவழைத்துக்கொள்ள அது உதவியது.

மூக்கில் நிற்காமல் வழுக்கிவிழும் தொல்லை மட்டும் நானூறு ஆண்டுக்கு மேல் தீரவில்லை. காதோரம் பிடிக்கும் கம்பி 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்தான் லண்டன் கடைகளில் வந்தது. நூற்றாண்டின் இறுதியில் பெஞ்சமின் பிராங்க்ளின், மேல் பாதி தூரத்துக்கும் கீழ்ப் பாதி படிப்புக்குமாக இரண்டு வில்லைகளை வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்தினார். எழுபதைக் கடந்த வயதில் பாரிஸில் இருந்த அவர் சொன்ன காரணம் ரசிக்கத்தக்கது: விருந்து மேசையில் தட்டும் தெரிய வேண்டும், எதிரே பேசுபவரின் முகமும் தெரிய வேண்டும், முகம் தெரிந்தால் பிரெஞ்சு இன்னும் நன்றாகப் புரிகிறது.

தென்னிந்தியாவுக்குக் கண்ணாடி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. விஜயநகர அரசில் பெருமதிப்புப் பெற்ற மாத்வத் துறவி வியாசதீர்த்தர், முதிய வயதில் கண்ணாடியின் துணையோடு சுவடி படித்ததாக, சோமநாத கவி எழுதிய ‘வியாசயோகி சரிதம்’ என்னும் வடமொழி நூலில் குறிப்பு இருக்கிறது. புணே ஆய்வாளர் பி. கே. கோடே இதைக் கவனப்படுத்தினார். 1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியர் வழியாக அது வந்திருக்கும் என்று கருதுவதே பொருத்தம். எழுத்தாணியால் கீறி மை தடவிய ஓலையில் நுண்ணெழுத்தைப் படிப்பது இளங்கண்ணுக்கே பாடு. கண் மங்கிய புலவருக்கு, மனப்பாடமும் வாசித்துக்காட்டும் மாணவனுமே அதுவரை கண்ணாடி.

தமிழ்நாட்டிலேயே கண்ணாடி வில்லை செய்த ஊர் ஒன்று உண்டு. தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லைக் கல்வேலைக்காரர்கள் சாணைபிடித்து வில்லையாக்கினார்கள். ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் குறிப்புகளிலும் இந்த வல்லம் கற்கள் இடம்பெற்றுள்ளன. கல்லைத் தேய்க்க நம் நாட்டில் வழிவழியாகப் பயன்படுவது குருந்தக்கல் பொடி. அந்தக் கனிமத்துக்கு உலகம் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே இந்தக் குருந்தத்திலிருந்து போனதுதான். படிகம் கண்ணாடியைவிடக் கடினமானது. கீறல் எளிதில் விழாது. வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் தொட்டால் சில்லென்று இருக்கும். உண்மையான கல்லா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பது அதனால்தான். இதிலிருந்தே ‘கல் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்ற நம்பிக்கையும் கிளைத்தது. வில்லை கண்ணைத் தொடுவதே இல்லை என்பதால் அந்தக் குளிர்ச்சி விரலோடு நின்றுவிடும். ஆனாலும் வாங்குபவருக்கு அது ஒரு திருப்தி. ஆலைக் கண்ணாடி மலிவாக வந்ததும் வல்லத்துக் கல்லுக்குக் கிராக்கி போய்விட்டது.

வயதைக் கேட்கும் வழக்கத்துக்கு மருத்துவம் போட்டியாக வந்தது 1860களில். எழுத்துகள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் பலகையை 1862இல் டச்சுக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் வெளியிட்டார். அவருடைய மூத்த சகாவான டாண்டர்ஸ், மேலே சொன்ன கணக்குகள் அடங்கிய நூலை 1864இல் வெளியிட்டார். 1872இல் பிரெஞ்சு மருத்துவர் மொனுவாயே, வில்லையின் திறனை அளக்க ‘டயாப்டர்’ என்ற அலகை முன்மொழிந்தார். ஒரு மீட்டரில் ஒளியைக் குவிப்பது பிளஸ் ஒன்று, அரை மீட்டரில் குவிப்பது பிளஸ் இரண்டு. நடைமேடைக் கடை ஒட்டுத்தாளில் இருக்கும் எண் அதுதான்.

இந்தச் சாமான் உலகப் பொருளாதாரத்தையே மாற்றியது என்று வாதிட்டவர் வரலாற்றாசிரியர் டேவிட் லாண்டஸ். நுண்வேலை செய்யும் கைவினைஞரின் உழைப்புக் காலத்தைக் கண்ணாடி இரண்டு மடங்குக்கும் மேலாக்கியது என்று 1998இல் எழுதினார். இரண்டு மடங்கு என்பது கொஞ்சம் தாராளமான கணக்கு. ஆனால் சொல்ல வந்தது சரி. இருபது ஆண்டு பழகிக் கை தேர்ந்த தட்டானும் நெசவாளியும் கணக்கெழுதுபவரும் தேர்ச்சியின் உச்சத்தில் இருக்கும்போதுதான் கண் பின்வாங்குகிறது. அந்தத் தேர்ச்சியை வீணாக்காமல் காத்தது இரண்டு வில்லைத் துண்டுகள்.

அண்மைக் கால ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. அசாமில் நாற்பது வயதைக் கடந்த தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் 751 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்களின் பறிப்பு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடியிருந்தது. வங்கதேசத்தில் தையல், கைவினை போன்ற வேலை செய்பவர்களிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில் வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. 2015 நிலவரப்படி உலகில் வெள்ளெழுத்து உள்ளவர்கள் 180 கோடி, அவர்களில் 82.6 கோடிப் பேருக்குத் தக்க கண்ணாடி இல்லை என்பது மதிப்பீடு. விலை தடையாக இருந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும், பவர் ஏறிக்கொண்டே போகும் என்ற பேச்சு இன்னும் போகவில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை இறுகும் வேகம் ஒன்றே.

கடைக் கண்ணாடியில் ஒரு குறை உண்டு. இரண்டு கண்ணுக்கும் ஒரே எண்தான் இருக்கும். கண் நீர் அழுத்தத்தையோ சர்க்கரையால் விழித்திரை கெடுவதையோ அது காட்டாது. நாற்பதில் ஒருமுறை கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. அறுபதை நெருங்கும்போது வில்லை நெகிழ்வை முற்றிலும் இழந்துவிடுவதால், பிளஸ் இரண்டரை, மூன்றோடு எண் பொதுவாக நின்றுவிடும். அதற்குப் பிறகு சிலருக்கு ஒரு வேடிக்கை நடக்கும்: ஒருநாள் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க முடியும். பார்வை திரும்பிவிட்டது என்று வீட்டில் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் கண்புரையின் தொடக்கம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.