கெடாவ வித்துரு, பெட்டைய வச்சுக்கோ

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திட்டு அப்புறம் சரித்திரத்துக்குப் போறேன் மக்களே, பொறுத்துக்குங்க.

நான் ஆறாப்பு சேர்ந்த வருசம். எங்க ஆச்சிகிட்ட ஏழெட்டு கன்னி ஆடுகள் இருந்தன. கரிசக்காட்டு ஆளுங்களுக்குத் தெரியும்: கறுப்பு உடம்பு, முகத்தில் ரெண்டு வெள்ளைக் கோடு, பெரும்பாலும் ரெட்டைக் குட்டி. அந்த ஈத்தில் கிடா ஒண்ணு, பெட்டை ஒண்ணு. கிடாக்குட்டிக்கு நான்தான் கருவேலங்காய் பொறுக்கிப் போட்டு வளர்த்தேன். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முந்தின வாரம் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு அதை ஓட்டிட்டுப் போய்ட்டாங்க. எனக்கு நோட்டு, புத்தகம், புதுச் சட்டை வந்தது. நான் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை.

ஆச்சி சமாதானம் எல்லாம் சொல்லவில்லை. "கெடாவ வச்சுக்கிட்டு என்னலே செய்ய? பாலா கறக்கும், குட்டியா போடும்? ஊருக்கு ஒரு கெடா போதும்லே" என்றாள். கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வசனத்துக்குப் பத்தாயிரம் வருசத்துச் சரித்திரம் இருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

மேற்கு ஈரானில், ஜாக்ரோஸ் மலைத்தொடரில் கஞ்ச் தாரே என்று ஒரு சின்ன மண்மேடு இருக்கிறது. பெயருக்கு 'புதையல் பள்ளத்தாக்கு' என்று அர்த்தம். கனடாவைச் சேர்ந்த பிலிப் ஸ்மித் 1965-லிருந்து 1974 வரை அங்கே தோண்டினார். தங்கமா கிடைத்தது? மண் கட்டிகளும், மூட்டை மூட்டையாக ஆட்டு எலும்பும்தான். சில மண் கட்டிகளில் ஆட்டுக் குளம்பின் தடம் அப்படியே பதிந்திருந்தது. ஈரக் கட்டியைக் காயப்போட்ட இடத்தில் ஆடு நடந்துபோயிருக்கிறது. எங்க வீட்டு முற்றத்தில் காயப்போட்ட வத்தல் மேல நடக்குமே, அதே வேலை :)

சரி, அது காட்டாடா, வீட்டாடா? எலும்பை வைத்து எப்படிச் சொல்வது? பழைய விடை, 'வீட்டில் வளர்த்தால் உருவம் சின்னதாகும், ஆகவே சின்ன எலும்பு என்றால் வளர்ப்பு ஆடு'. இதைத்தான் மெலிண்டா ஜீடர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கேள்வி கேட்டார். சிகாகோ அருங்காட்சியகத்தில் இருந்த இக்காலக் காட்டாடுகளின் எலும்புகளை அளந்து பார்த்தார். எலும்பின் அளவை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது கிடாவா பெட்டையா என்பதுதான் என்று தெரிந்தது. கிடா பெரிசு, பெட்டை சிறிசு. அவ்வளவுதான் மேட்டர்.

அப்புறம் வயசு. இளசுகளின் கால் எலும்பில் நுனி தனியாக இருக்கும். வளர வளர ஒவ்வொரு எலும்பிலும் ஒவ்வொரு வயதில் அது ஒட்டிக்கொள்ளும். சந்தையில் யாவாரி வாயைத் திறந்து பல்லை எண்ணுகிற மாதிரி, இவர்கள் எலும்பு நுனியைப் பார்த்து வயசு சொல்கிறார்கள்.

இந்த ரெண்டு கணக்கையும் சேர்த்து ஜீடரும் பிரையன் ஹெஸ்ஸும் 2000-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். வேட்டைக்காரன் என்றால் கறி அதிகமுள்ள பெரிய கிடாவைத்தான் குறிவைப்பான். கஞ்ச் தாரேயில் அப்படி இல்லை. கிடாக்களில் பெரும்பாலானவை இளசிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. பெட்டைகளோ பல வருசம் வாழ்ந்திருக்கின்றன. குட்டி போடுகிறவரை வைத்திருந்தார்கள். இது வேட்டைக்காரனின் கணக்கு இல்லை, அச்சு அசலா எங்க ஆச்சியோட கணக்கு! காலம் கி.மு. 8200 வாக்கில்.

இதில் எனக்குப் பிடித்த விசயம் என்னவென்றால், அந்த ஆடுகளின் எலும்பு அப்போதும் காட்டாட்டின் எலும்பு மாதிரியேதான் இருந்தது. உடம்பில் மாற்றம் கண்ணுக்குத் தெரிய இன்னும் ஆயிரம் வருசம் போல ஆனது. ஆக, முதலில் மாறியது ஆடு இல்லை. இந்தக் குட்டியை இன்றைக்கு வெட்டலாம், அதன் தங்கச்சியை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த மனுசனின் புத்திதான் மாறியிருக்கிறது.

பிறகு ஆடு மலையை விட்டு இறங்கி, காட்டாடே வாழாத சமவெளிகளுக்கும் போனது. பலுசிஸ்தானத்து மெஹர்கரின் ஆரம்பகாலக் கல்லறைகளில் மனிதரோடு ஆட்டுக்குட்டிகளையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். வெட்டவும் செய்தார்கள், பிரியவும் முடியவில்லை போல.

இப்ப என் கதை. ஒன்றரை ஏக்கரில் நானும் பன்னிரண்டு ஆடு வச்சிருக்கேன். கிடாக்குட்டிகளை எல்லாம் ஒழுங்காக விற்றேன், ஒன்றைத் தவிர. பார்க்க அந்த ஆறாப்புக் கிடா மாதிரியே இருந்தது. பொலிகிடாவாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். முதல் ஈத்தெல்லாம் அருமையான குட்டிகள். ஆனால் பெட்டைக்குட்டிகள் ஏழெட்டு மாசத்தில் பருவத்துக்கு வந்துவிடும், அப்பன் அதே பட்டியில்தான் நிற்கிறான். அடுத்த சுற்றில் பிறந்த குட்டிகள் நோஞ்சானாக இருந்தன. ரெண்டு குட்டி எழுந்து நின்று சீம்பால் குடிக்கவே தெம்பில்லாமல் என் கையிலேயே செத்தன.

வந்து பார்த்த டாக்டர் சிரிக்காமல் சொன்னார்: "அப்பனே மாப்பிள்ளையா இருந்தா இப்படித்தான் சார். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கிடாவ மாத்தணும்."

2021-ல் கஞ்ச் தாரே ஆடுகளின் மரபணுவையும் எடுத்துப் படித்திருக்கிறார்கள். தாய்வழி நிறைய, தந்தைவழி கொஞ்சம்தான். சிலவற்றில் நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்ந்ததன் தடயமும் இருக்கிறது. ஊருக்கு ஒரு கிடா போதும்னு நினைச்ச அந்த மலைவாசிகளும் நம்ம ஆளுங்கதான்!

ஆச்சி சொன்னதில் இருந்த பாதியைத்தான் நான் அன்றைக்குக் கேட்டிருக்கிறேன். அவள் கிடாவை விற்றது காசுக்கு மட்டுமில்லை. சினைக்கு விடும்போது எப்பவும் அடுத்த ஊர்க் கிடாவிடம்தான் ஓட்டிப் போவாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

போன மாதம் சந்தைக்கு நானே ஓட்டிட்டுப் போனேன். யாவாரி வாயைத் திறந்து பார்த்து "நாலு பல்லு" என்றார். காசை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், கொஞ்சமாக.

உங்க ஊர்ல பொலிகிடாவை மாத்த என்ன வழக்கம் வச்சிருக்காங்க? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. புதுக் கிடா தேடிட்டிருக்கேன்.