பக்திவிருத்தியின் செவிவழி: ஃபிராங்க்ஃபர்ட் முதல் தஞ்சை வரை வேதவாசிப்பு

விடியற்காலையில் தனியே அமர்ந்து, வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை மௌனமாக வாசித்து, ஜெபித்து எழுவது: ஆவிக்குரிய வளர்ச்சிக்கு வழி எதுவென்று தமிழ்ப் புராட்டஸ்டண்டுச் சபையார் ஒருவரைக் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார். லுத்தர் வேதத்தை மக்கள் கையில் கொடுத்த நாளிலிருந்தே இது நடந்துவருகிறது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. தமிழகத்துக்குப் புராட்டஸ்டண்டு வேதவாசிப்பைக் கொண்டுவந்த ஜெர்மானிய மரபைப் பின்தொடர்ந்து பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. அங்கே வேதம் முதலில் காதுக்கும் நாவுக்கும் உரியது. அருகில் இன்னொருவர் இல்லாமல் அது முழுமை பெறுவதில்லை.

இடைக்காலத் துறவியரின் வாசிப்பும் இப்படித்தான் இருந்தது. ஆறாம் நூற்றாண்டின் பெனடிக்டின் ஒழுங்குவிதி ஒவ்வொரு தவக்காலத் தொடக்கத்திலும் துறவி ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுத்து, முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்கிறது. உணவு வேளையிலும் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடி உண்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியச் சபைத் தலைவர் இரண்டாம் கீகோ இந்தப் பயிற்சியை வாசிப்பு, தியானம், ஜெபம், தரிசனம் என்று நான்கு படிகளாக வகுத்தார். 1539இல் தம் ஜெர்மன் நூல்தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் லுத்தர் 119ஆம் சங்கீதத்திலிருந்து மூன்றை மட்டும் எடுத்தார்: ஜெபம், தியானம், சோதனை. ஏணியின் உச்சியில் தரிசனம் இருந்த இடத்தில் அன்றாட வாழ்க்கையின் உபத்திரவம் வந்து உட்கார்ந்தது. மடத்தைவிட்டு வெளியேறிய ஒருவர் இப்படி மாற்றியதில் வியப்பில்லை. ஆனால் தியானம் உள்ளத்துக்குள் மட்டும் நடப்பதன்று, வசனத்தை வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லுவதே தியானம் என்று அவர் வற்புறுத்தியதைப் பின்வந்தோர் பலர் கவனிக்காமல் விட்டுவிட்டனர்.

லுத்தருக்குப் பிந்திய நூறாண்டில் ஜெர்மானிய வீடுகளில் புழங்கிய நூல் அவருடைய 1529ஆம் ஆண்டுச் சிறிய ஞானோபதேசம்தான். முழு வேதாகமம் விலை கூடிய பொருள். ஆலயத்திலோ ஆண்டுச் சுற்றில் குறித்த பகுதிகள் மட்டுமே வாசிக்கப்பட்டன. இந்தக் குறையைத்தான் ஃபிராங்க்ஃபர்ட்டின் தலைமைப் போதகர் பிலிப் யாக்கோபு ஸ்பேனர் பிடித்துக்கொண்டார். 1670இல் அவர் வீட்டில் கூடிய சிறு குழு முதலில் பக்திநூல்களையும் பின்னர் வேதத்தையே நேரடியாகவும் வாசித்து உரையாடியது. 1675இல் வெளியிட்ட ‘பியா டெசிடேரியா’வில் சபையின் புதுப்பிப்புக்கு ஆறு யோசனைகள் சொன்னார். முதலாவது, வேதத்தை இன்னும் அதிகமாகப் புழங்கவிடுவது. அதற்கு அவர் காட்டிய வழிகளைக் கவனிக்க வேண்டும்: வீட்டுத் தலைவர் குடும்பத்தாருக்கு நாள்தோறும் வாசிப்பது, எழுத்தறியாதோருக்காக ஆலயத்தில் புத்தகம் புத்தகமாக உரக்க வாசிப்பது, விசுவாசிகள் கூடி ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வது. தனியறை வாசகனை அவர் விலக்கவில்லை. ஆனால் அவர் திட்டத்தின் எடை முழுவதும் கூடிக் கேட்பதன்மேல்தான் இருக்கிறது. இதிலிருந்து கிளைத்ததே பயட்டிச இயக்கம்.

ஸ்பேனரின் எண்ணத்துக்கு நிறுவன உருவம் கொடுத்தவர் ஆகஸ்டு ஹெர்மான் பிராங்கே. 1686இல் லைப்சிக்கில் அவரும் நண்பர்களும் தொடங்கிய வேதக் கழகம் எபிரேய, கிரேக்க மொழிப் பயிற்சிக்கானது. ஸ்பேனரின் ஆலோசனைக்குப் பின் அது பக்திவிருத்தியை நோக்கித் திரும்பியது. அடுத்த ஆண்டு லூனெபுர்க்கில் யோவான் 20:31ஐ வைத்துப் பிரசங்கம் தயாரிக்கையில், தாம் போதிக்கப்போகும் விசுவாசம் தம்மிடமே இல்லை என்று கண்டு பிராங்கே உடைந்துபோனார். அந்த நெருக்கடியிலிருந்து மீண்டதே அவருடைய மனமாற்றம். பின்னாளில் ஹாலேயில் அவர் எழுப்பிய அநாதை இல்லமும் பள்ளிகளும் புகழ்பெற்றவை. வேதவாசிப்பின் வரலாற்றில் அவற்றுக்கு இணையாக நிற்பது 1710இல் கான்ஸ்டைன் பிரபு அங்கே நிறுவிய வேதாகம அச்சகம். அச்சுக் கோத்த எழுத்துகளைக் கலைக்காமல் நிலையாக வைத்து மீண்டும் மீண்டும் அச்சடித்ததால் விலை மளமளவென்று குறைந்தது.

ஹாலேயில் சிறிது காலம் பயின்ற பர்த்தொலொமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். 1708இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இலும் எஞ்சியவை 1715இலும் அச்சேறின. ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க வேண்டியிருந்தது. அந்நிலையில் வீட்டுக்கொரு வேதாகமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உபதேசியார் வாசிப்பார், விளக்குவார், கேள்வி கேட்பார். சபையார் கேட்டு மனனம் செய்வார்கள். ஸ்பேனரின் திட்டம் அவர் ஊரைவிடத் தரங்கம்பாடியில்தான், வறுமையின் புண்ணியத்தில், முழுமையாக நிறைவேறியது என்று சொல்லத் தோன்றுகிறது.

அச்சு நூலே ஆளை மாற்றிய நிகழ்வும் உண்டு. தஞ்சைப் படையில் இருந்த கத்தோலிக்கர் ராஜநாயக்கன் கைக்குத் தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களும் நடபடிகளும் எப்படியோ வந்துசேர்ந்தன. வாசித்தவர் லுத்தரன் சபைக்கு வந்து உபதேசியாராகி, 1771இல் இறக்கும்வரை உழைத்தார். தனிவாசகனுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனாலும் அவர் வாசிப்பு அவரோடு நிற்கவில்லை; பிறருக்கு வாசித்துக் காட்டுவதே அவர் தொழிலாயிற்று. இத்தகைய செய்திகளைத் தாங்கிவந்த ஹாலே அறிக்கைகள் ஐரோப்பிய நன்கொடையாளர்களை மனத்தில் வைத்துத் தொகுக்கப்பட்டவை என்பதையும் ஆய்வாளர் மறக்கலாகாது. வெற்றிக் கதைகளுக்கு அவற்றில் இடம் தாராளம்.

பயட்டிசத்தின் இன்னொரு கிளை ஹெர்ன்ஹூட் என்னும் ஜெர்மானியக் குடியிருப்பில் வளர்ந்தது. 1728 முதல் அங்கே நாளுக்கொரு வசனம் வீடுவீடாக வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. 1731 முதல் அச்சு நூலாயிற்று. ஹெர்ன்ஹூட் சபையார் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தனர், ஆனால் நிலைக்கவில்லை.

தமிழில் இந்தச் செவிவழி மரபின் முதிர்ந்த கனி வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). ஹாலே மரபில் வந்த சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரான அவர், வேதக் கதைகளையும் போதனைகளையும் குறவஞ்சியாகவும் கும்மியாகவும் கீர்த்தனையாகவும் மாற்றினார். வாசிக்கத் தெரியாதவரும் பாடி உள்வாங்க முடிந்தது. அவர் காதில் ஊறியிருந்தது பெப்ரிசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு. அதன் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. 1820களில் ரேனியஸ் ஐயர் புதிய நடையில் வேதத்தைத் திருத்தியபோது தஞ்சையில் சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். மனனமான வாக்கியத்தை மாற்றுவது அவருக்குப் பக்தியின் மேலேயே கைவைப்பதாகப்பட்டது. அதே எதிர்ப்பின் பட்டியலில் திருவிருந்தில் சாதிப் பிரிவினையைக் காக்கும் கோரிக்கையும் இருந்தது. வேதத்தை இவ்வளவு ஆழமாகச் செவியில் ஏற்றிய ஒரு சபை, அந்த வேதம் சாதியைப் பற்றித் தன்னிடம் கேட்டதை மட்டும் கேளாமல் இருந்தது எப்படி என்பதற்குத் தஞ்சை ஆவணங்கள் சங்கடமான விடைகளைத் தருகின்றன: மனனம் வசனத்தைக் காத்ததைப் போலவே வழக்கத்தையும் காத்தது.

பவர் ஐயர் தலைமையிலான குழுவின் ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்த பிறகும் தமிழ் லுத்தரன் சபைகள் நெடுங்காலம் பெப்ரிசியஸ் வேதாகமத்தைக் கைவிடவில்லை.