மாணிக்கத்தின் உள்ளே ஒரு விருந்தாளி



இரங்கூன் என்று நம் முன்னோர் அழைத்த யாங்கூனில், 1899ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட புனித மரியன்னை பேராலயத்திலிருந்து சற்று நடந்தால் போஜோக் ஆங் சான் சந்தையை அடையலாம். 1926இல் எழுந்த அதனை ஸ்காட் சந்தை என்றே பழைய இரங்கூன்வாசிகள் அறிவர். அங்கே விற்கப்படும் சிவப்புக் கற்களுக்குப் பேர்போன பிறப்பிடம், வடக்கே மாண்டலேக்கு அப்பாலுள்ள மொகோக் மலைப்பகுதி. உங்களுள் சிலருடைய பாட்டிமார் அணிந்த பர்மா கெம்பும் அங்கிருந்தே வந்திருக்கலாம். அக்கல் ஏன் சிவந்திருக்கிறது என்று என்றேனும் எண்ணியதுண்டா?

மாணிக்கத்தின் பெரும்பகுதிக்குச் சொந்த நிறமே இல்லை. அது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம். ஆங்கிலேயர் வழங்கும் 'கொரண்டம்' என்ற சொல்லும் இத்தமிழ்ச் சொல்லின் வழிவந்ததே. தூய குருந்தம் கண்ணாடிபோல் இருக்கும். அலுமினியம் இருக்கவேண்டிய இடங்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுகூட வேண்டாம், சிறிதளவு குரோமியம் வந்தமர்ந்தால் போதும், கல் முழுவதும் சிவந்துவிடும்.

இந்தக் குரோமியத்தை 1797இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலார் வோக்லான். நிறம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அவர் அதை மாணிக்கத்திலும் கண்டார், மரகதத்திலும் கண்டார். ஒரே தனிமம் ஒரு கல்லில் சிவப்பையும் மற்றொன்றில் பச்சையையும் தருவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடைகாண அடித்தளமிட்டது, 1929இல் ஹான்ஸ் பெத்தே வகுத்த படிகப்புலக் கொள்கை. இடையில் 130 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்திருந்தன.

விடை எலக்ட்ரான்களின் அமைப்பில் இருக்கிறது. குரோமியத்தின் அணு எண் 24. அதன் கடைசி ஆறு எலக்ட்ரான்கள், பள்ளிப் பாடத்தின் பொதுவிதிப்படி 3டி-யில் நான்கும் 4எஸ்-இல் இரண்டுமாக நிற்கவேண்டும். ஆனால் அவை ஐந்தும் ஒன்றுமாக நிற்கின்றன. குருந்தத்தினுள் அவற்றுள் மூன்றை இழந்து, மூன்றை மட்டும் 3டி-யில் வைத்துக்கொண்டு குரோமியம் அயனியாகிறது. அலுமினியமும் மூன்றையே இழப்பதால் மின்சுமை பொருந்துகிறது. பருமனும் ஏறக்குறைய ஒத்துவருகிறது. தனிம வரிசை அட்டவணையில் இடமிருந்து வலமாகச் செல்லச்செல்ல, கருவின் ஈர்ப்பு மிகுந்து அணுக்கள் பொதுவாகச் சுருங்கும். ஸ்காண்டியம் அயனியின் ஆரம் 74.5 பிக்கோமீட்டர், அதே வரிசையில் வலப்புறம் இருக்கும் குரோமியத்துக்கு 61.5. அலுமினியத்தின் 53.5-ஐவிட இது சற்றே பெரிது. ஆகவே நெருக்கிக்கொண்டு அமர்ந்துவிடுகிறது.

சூழ்ந்து நிற்கும் ஆறு ஆக்சிஜன்களின் தாக்கத்தால், அந்த மூன்று எலக்ட்ரான்களுக்குரிய ஆற்றல்நிலைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. குருந்தத்தில் அந்த இடைவெளி பெரிது. ஊதாவும் மஞ்சள் கலந்த பச்சையும் உறிஞ்சப்படச் சிவப்பு எஞ்சுகிறது. மரகதத்தில் இடைவெளி சிறிது. சிவப்பு மங்கிப் பச்சை எஞ்சுகிறது. விருந்தாளி ஒருவரே, தங்கிய வீடுதான் வேறு.

மொகோக் மாணிக்கத்துக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. அது பளிங்குப் பாறையில் விளைவதால் இரும்பு மிகக் குறைவு. இரும்பு மிகுந்தால் அணைந்துவிடும் செவ்வொளி, பர்மாக் கல்லில் வெயில் பட்டதும் கனல்போல் மிளிர்கிறது. அம்மலைகளிலேயே ஸ்பினல் என்னும் கல்லும் கிடைக்கிறது. அதைச் சிவக்கச் செய்வதும் குரோமியமே. ஆதலால் நூற்றாண்டுகளாக மன்னர்களும் ஏமாந்தனர். பிரித்தானிய முடியில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' எனப் பதிக்கப்பட்டிருப்பது உண்மையில் ஸ்பினலே.

இக்கல்லின் வரலாற்றில் பேராசையும் உண்டு. 1885ஆம் ஆண்டுப் போரில் மேல்பர்மாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1889இல் பர்மா மாணிக்கச் சுரங்க நிறுவனத்தை அமைத்தனர். 1902இல் வெர்னூயி என்னும் பிரெஞ்சுக்காரர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அவர் சேர்த்ததும் அதே குரோமியம்தான்.

அன்பர்களே, 1942இல் போருக்கு அஞ்சிக் கால்நடையாகவும், 1960களில் கப்பலேறியும் பர்மாவை விட்டு வந்த தமிழர் பலர், ஈட்டியவற்றை அங்கேயே விட்டு வந்தனர். பாட்டியின் கெம்பு இன்று உங்கள் பேழையில் இல்லாமல் இருக்கலாம். அது உணர்த்தும் பாடத்தை எவரும் பறிக்க இயலாது. நாமும் பிறர் மண்ணில் எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒருவராகக்கூட இல்லாதவர்கள். அந்த வீட்டை உடைக்காமல், நம் இயல்பையும் இழக்காமல், அதற்கு நிறம் சேர்க்க நம்மால் இயலும். நமக்குப் பின் வரும் விருந்தாளிக்கும் சற்று நகர்ந்து இடம் கொடுப்போம்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை